சிற்பி ராய் சௌத்ரி: பெயரும் பெருவாழ்வும்

சென்னை மெரினாக் கடற்கரையில் நால்வர் ஒன்றுகூடிப் பெரும்பாறை ஒன்றை நெம்பி நகர்த்தும் வெண்கலச் சிற்பத்தைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். அவ்விடத்துப் பேருந்து நிறுத்தமும் உழைப்பாளர் சிலை என்றே வழங்குகிறது. ஆயினும் அதனைச் சமைத்த சிற்பி யாவர் என வினவினால் தயங்காது விடை கூறுவோர் சிலரே. அச்சிலரும் ராய் சௌத்ரி என்று மட்டுமே கூறுவர். அஃது அவருடைய இயற்பெயர் அன்று; குடும்பப் பெயர். பெற்றோர் இட்டு வழங்கிய பெயர் தேவி பிரசாத் என்பதாகும். தேவியின் அருட்கொடை என்பது அதன் பொருள்.

தமிழரிடையே ஒருவரை அவருடைய சொந்தப் பெயரால் அழைப்பதே மரபு. தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ முன்னெழுத்தாய் நின்று அப்பெயருக்குத் துணைசெய்யும். அவ்வாறிருக்க, தமிழகத்தின் தலைநகரில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் பணியாற்றிய ஒரு கலைஞர் குடும்பப் பெயர் ஒன்றாலேயே நினைக்கப்படுகிறார். அப்பெயரின் பொருளையும் அது வழங்கிவந்த வழியையும் ஆராய்வார்க்கு, அவர் வாழ்வில் பொதிந்துள்ள ஒரு முரண் புலனாகும். நிலவரி தண்டும் அதிகாரத்தைச் சுட்டிய பட்டம் ஒன்று, உழைத்துக் களைத்தவனுக்குச் சிலை எடுத்த கலைஞரின் பெயராய் நிலைத்துவிட்டது என்பதே அம்முரண்.

பெயரின் பொருள்

ராய் சௌத்ரி என்பது ஒரு சொல் போல ஒலித்தாலும் உண்மையில் இரு பட்டங்களின் கூட்டு. வங்காளியர் இதனைச் சேர்த்தே எழுதுவர். ராய் என்பது ராஜன் என்னும் வடசொல் பிராகிருத வழியாகத் தேய்ந்து வந்த வடிவம். விசயநகர வேந்தரின் பெயரில் நிற்கும் ராயர் என்பதும் இச்சொல்லே. கிருஷ்ணதேவராயரின் பெயரிறுதியும் இந்த வங்கச் சிற்பியின் பெயர் முதலும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது முதற்பார்வையில் தோன்றாது.

சௌத்ரி என்னும் சொல்லின் பிறப்புப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. சதுர்தரன், அதாவது நான்கினைத் தாங்குபவன் என்னும் வடசொல்லின் திரிபு என்பது பலரும் கூறும் விளக்கம். சொற்பிறப்பு எதுவாயினும் வழக்கு தெளிவானது. முகலாயர் ஆட்சியில் பர்கானா எனப்பட்ட நிலப்பிரிவில் வரி தண்டி அரசுக்குச் செலுத்தும் பொறுப்பேற்ற உள்ளூர்த் தலைவனே சௌத்ரி எனப்பட்டான். காலப்போக்கில் பதவி பரம்பரையாயிற்று. பதவிப் பெயர் குடிப்பெயராயிற்று. 1793இல் காரன்வாலிசு வங்கத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொணர்ந்தபோது, வரி தண்டியவர் நிலத்துக்கே உடையவராயினர். அதன்பின் ராய், சௌத்ரி போன்ற பட்டங்கள் நிலவுடைமையின் அடையாளங்களாகவே மதிக்கப்பட்டன.

இப்பட்டம் ஒரு சாதிக்கோ ஒரு சமயத்துக்கோ உரியதன்று. வங்கத்தில் இந்துக்களும் இசுலாமியரும் சௌத்ரி என்னும் பெயரைத் தாங்கினர். பஞ்சாபிலும் ஒரிசாவிலும் அஃது உண்டு. ஆந்திரத்தில் சௌதரி என வழங்கும். ஆகவே ஒருவர் பெயரில் இச்சொல் நிற்பதுகொண்டு அவருடைய குலத்தை முடிவுசெய்தல் இயலாது. அவருடைய முன்னோருள் யாரோ ஒருவர் அரசுக்கும் உழவனுக்கும் இடையே நின்றவர் என்பது ஒன்றே அதனால் அறியப்படுவது.

பட்டங்கள் கூடுவதும் கழிவதும் வங்கத்தில் இயல்பு. அதற்கு இரு சான்றுகள் காட்டலாம். ராஜா ராம் மோகன் ராய் என்னும் பெயரில் இறுதியில் உள்ள ராய், அவர்தம் முன்னோர் நவாபு அரசில் பணியாற்றிப் பெற்றது. முதலில் உள்ள ராஜா, முகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பர் அவருக்கு அளித்தது. ஒரே சொல் இரு வடிவில் ஒரே மனிதரின் பெயருக்கு முன்னும் பின்னும் காவல் நிற்கிறது. இரண்டாம் சான்று, வங்கச் சிறுவர் இலக்கியத்தின் முன்னோடியான உபேந்திர கிசோர் ராய் சௌத்ரி. காமதா ரஞ்சன் ராய் எனப் பிறந்த அவர், ஜமீன்தார் ஒருவருக்குச் சுவீகாரம் போனபோது பெயர் மாறிச் சௌத்ரி என்னும் பட்டத்தையும் பெற்றார். அவர் மகன் சுகுமாரும் பேரன் சத்யஜித்தும் சௌத்ரியை விடுத்து ராய் என்பதோடு அமைந்தனர். சத்யஜித் ராயின் பெயரே ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தபோது ரே என்றாயிற்று. சுவீகாரத்தால் வந்த பட்டம் ஒரு தலைமுறையில் உதிர்ந்தது. எஞ்சிய சொல்லும் மொழிக்கு மொழி உருமாறியது.

பிறப்பும் பயிற்சியும்

தேவி பிரசாத் 1899ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள், பிரிக்கப்படாத வங்கத்தின் ரங்கப்பூர் மாவட்டத்துத் தாஜ்ஹாட்டில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. வங்காளியர் வகரத்தைப் பகரமாக ஒலிப்பதால் அவர் நாட்டில் அவர் தேபி பிரசாத்.

ஓவியக் கலையை அவர் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். மேலை நாட்டுப் பாணியை விடுத்து இந்திய மரபில் ஊன்றி நிற்க முனைந்த வங்க ஓவிய இயக்கத்தின் தலைமகன் அவனீந்திரநாத். எனினும் தேவி பிரசாத் அவ்வழியோடு நின்றுவிடவில்லை. சிற்பத்தை மேலை முறையில் கற்க விரும்பி, இலண்டன் அரசுக் கலைக் கல்லூரியில் பயின்று திரும்பிய ஹிரண்மய் ராய் சௌத்ரியை நாடினார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரே குடும்பப் பெயர் அமைந்தமை கருதத்தக்கது. இந்தியச் சிற்ப வரலாற்றில் ராய் சௌத்ரி என்றால் எவர் என்று கேட்டுத் தெளிய வேண்டிய நிலை இதனால் உண்டு. ஹிரண்மய் லக்னோ கலைப்பள்ளியில் பணியாற்றிப் பெயர்பெற்றவர். தேவி பிரசாத் சென்னையில்.

பிரெஞ்சுச் சிற்பி ரோதேனின் வழி அவரைப் பெரிதும் ஈர்த்தது. உடலின் தசைமுறுக்கில் உள்ளத்தின் நிலையைக் காட்டுதல் அவ்வழியின் உயிர்நாடி. கல்லைக் கொத்திக் குறைத்து உருவம் காண்பது கோயிற் சிற்பியின் முறை. களிமண்ணை அப்பிக் கூட்டி உருவம் சமைத்து, அதன்மேல் சாந்து அச்செடுத்து, பின்னர் வெண்கலத்தில் வார்ப்பது தேவி பிரசாத் கைக்கொண்ட முறை. விரல் அழுத்திய தடம் வெண்கலத்திலும் மறையாது நிற்பது இம்முறையின் தனித்தன்மை.

கலைக்கூடத்தோடு அடங்கிய வாழ்வு அன்று அவருடையது. மற்போரில் தேர்ந்தவர், வேட்டையில் நாட்டமுடையவர், புல்லாங்குழல் வாசித்தவர், வங்க மொழியில் சிறுகதைகள் படைத்தவர். உடலின் ஆற்றலை மற்களத்திலும் அறிந்திருந்தமையால், அவர் படைத்த மாந்தரின் தோளும் முதுகும் பொய் பேசுவதில்லை.

சென்னைக்கு வருகை

1929இல் சென்னை அரசுக் கலை மற்றும் கைத்தொழிற் பள்ளியின் தலைமைப் பொறுப்பை தேவி பிரசாத் ஏற்றார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய அப்பள்ளியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அதுவரை அங்குக் கைவினைகளுக்கே முதலிடம். உலோக வேலை, மட்பாண்டம், அணிகலன் முதலியன பயிற்றப்பட்டன. அலுமினியப் பாத்திரத் தொழில் முளைவிட்டதும் அதன் பட்டறையில்தான். ஓவியமும் சிற்பமும் தம்மளவில் உயர்ந்த கலைகளாகக் கற்பிக்கப்படும் நிலையைத் தேவி பிரசாத் உருவாக்கினார். உயிருள்ள மனிதரை முன்னிறுத்தி வரையும் பயிற்சி அவர் காலத்தில் வலுப்பெற்றது. 1957 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் சென்னைக்கு வந்த அதே 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் சேர்த்து எழுதும் வழக்கத்தை விடவேண்டும் என அம்மாநாடு தீர்மானித்தது. முதலியாரும் பிள்ளையும் நாடாரும் நாயக்கரும் பெயர்களிலிருந்து உதிரத் தொடங்கிய காலம் அது. தமிழர் பட்டத்தைக் களைய முற்பட்ட அதே ஆண்டில், ஒன்றுக்கு இரண்டாகப் பட்டங்களைத் தாங்கிய ஒருவர் தமிழர் தலைநகருக்கு வந்து சேர்ந்தார். தமிழகம் அவருடைய இயற்பெயரை டி. பி. என முன்னெழுத்துகளாய்ச் சுருக்கியது, பட்டத்தைப் பெயராக்கியது. தமிழ் வழக்கில் முன்னெழுத்து என்பது தந்தைக்கும் ஊருக்கும் உரிய இடம். அவ்விடத்தில் இயற்பெயரும், இயற்பெயர் நிற்கவேண்டிய இடத்தில் குடும்பப் பெயருமாக அவர் பெயர் தமிழில் இடம்மாறி அமர்ந்துவிட்டது.

இது அவர் ஒருவர்க்கே நேர்ந்ததன்று. அவருடைய மாணவரும் 1957இல் அவருக்குப்பின் தலைமையேற்றவருமான கே. சி. எஸ். பணிக்கரும் குடிப்பெயராலேயே அறியப்படுகிறார். கோயம்புத்தூரில் பிறந்த அவருடைய இயற்பெயராகிய சங்கரன் என்பதைச் சொன்னால் அறிவோர் எத்துணைப் பேர்? 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கண்டவர் பணிக்கர். பிரதோஷ் தாஸ்குப்தா, பரிதோஷ் சென் முதலிய வங்கக் கலைஞரும் சென்னைக்கு வந்து தேவி பிரசாத்திடம் பயின்றனர். தமிழகச் சிற்பிகளுள் முன்னிற்கும் எஸ். தனபாலும் அவர் மாணவரே. சென், தாஸ்குப்தா, பணிக்கர் என ஏனையோர் குடிப்பெயரால் நிற்க, தனபால் மட்டும் தமிழ் முறைப்படி தம் பெயராலேயே நிற்கிறார்.

தில்லைக் கோபுரத்துப் பெயர்கள்

சிற்பியின் பெயர் எவ்வாறு வழங்கியது என்பதற்குத் தமிழகத்தில் நெடிய வரலாறு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்பாரைக் குறிக்கிறது. குஞ்சரமல்லன் என்பது அவர் பெயர். பெருந்தச்சன் என்பது தொழிற்சிறப்பு. ராஜராஜன் என்பது அரசன் தன் பெயரையே அவருக்கு ஈந்த பெருமை. தொழிலும் மதிப்பும் கூடிய பட்டம் அது.

சிதம்பரத்தார்க்கு இன்னும் அணுக்கமான சான்று, அவர்கள் நாள்தோறும் காணும் வடக்குக் கோபுரத்திலேயே உள்ளது. கிருஷ்ணதேவராயர் தம் வெற்றிக்குப்பின் எடுப்பித்த அக்கோபுரத்தில் அரசரின் உருவம் உண்டு. கோபுரப் பணி செய்த சிற்பியர் நால்வரின் உருவங்களும் பெயர்களோடு உண்டு. விருத்தகிரிக் கேசவப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கொடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாச்சாரி என்போர் அவர்கள். இப்பெயர்கள் அமைந்த முறையை நோக்குக. ஊர் முன்நிற்கிறது, மகன், தம்பி என்னும் உறவு நடுவே நிற்கிறது, ஆசாரி என்பது தொழிலைச் சொல்கிறது. நிலவுடைமையோ வரியதிகாரமோ அவற்றுள் இல்லை. ராயர் எடுப்பித்த கோபுரத்தில் சிற்பியர் தம் ஊராலும் தொழிலாலும் நின்றனர். நானூறு ஆண்டுகளுக்குப்பின் சென்னைக்கு வந்த சிற்பியோ தம் பெயரிலேயே ராயரைச் சுமந்துவந்தார்.

ஊர்ப்பெயர் ஆள்பெயராவது கடலூர்ப் பகுதிக்குப் பழக்கமானதே. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம் என்பாரின் பெயரில் நிற்பதும், கேசவப்பெருமாளின் பெயரில் நிற்கும் விருத்தகிரியும் ஒரே ஊர். அவ்விருத்தாசலம் தந்தையின் பிள்ளைப் பட்டத்தைத் தொடராது, புதுமைப்பித்தன் எனத் தாமே ஒரு பெயரை வைத்துக்கொண்டு தமிழ்ச் சிறுகதையில் நிலைபெற்றார். எட்டயபுரத்து அவையில் இளஞ்சிறுவன் சுப்பிரமணியனுக்குக் கிடைத்த பாரதி என்னும் பட்டமோ அவன் பெயரையே விழுங்கிவிட்டது. கவிஞர் பட்டத்தைப் பெறுவர். பெயரைத் தாமே புனைவர். தேவி பிரசாத் இவ்விரண்டும் செய்தாரல்லர். பிறப்பால் வந்த பட்டத்தை அவர் மாற்றவுமில்லை, மறைக்கவுமில்லை. தாம் படைத்தவற்றால் அதற்கு வேறொரு பொருளை ஏற்றினார்.

படைப்புகள்

அவர் தேர்ந்துகொண்ட பொருள்களை வரிசைப்படுத்தினால் இவ்வுண்மை விளங்கும். பிரித்தானிய அரசு 1937இல் அவருக்கு எம்.பி.ஈ. என்னும் சிறப்பை அளித்தது. ஆளுநர்களுக்கும் பெருமக்களுக்கும் உருவச்சிலை வடித்துப் புகழும் பொருளும் பெற்றவர் அவர். அதனோடு அமைந்திருப்பின் பெயருக்கும் வாழ்வுக்கும் முரணே இராது. ஆனால் 1936இல் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவு திறந்த பிரகடனம் அவர் சிற்பத்தின் பொருளாயிற்று. 1943இல் வங்கத்தைச் சூறையாடிய பஞ்சத்தில் மடிந்தோர் ஏறத்தாழ 30 இலட்சம் என மதிப்பிடப்படுகின்றனர். அவருள் நிலமற்ற கூலிகளே மிகுதி. அக்கொடுமை அவர் கையில் பசிக்கு இரையானோர் என்னும் சிற்பமாயிற்று. நிலத்தின் பெயரால் வாழ்ந்த பட்டத்தைத் தாங்கியவர், நிலமின்றி மாண்டவரை வடித்தார்.

1942ஆம் ஆண்டு ஆகத்து 11ஆம் நாள் பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்ற முயன்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஏழு இளைஞர்க்கு அவர் வடித்த நினைவுச் சின்னம், 1956இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தால் திறந்துவைக்கப்பட்டது. வீழ்ந்தவனைத் தாண்டி அடுத்தவன் கொடியை ஏந்தும் அத்தொடர்ச்சியே அதன் உயிர். இதற்கிடையே, 1954இல் நிறுவப்பெற்ற லலித் கலா அகாதெமியின் முதல் தலைவராகவும் அவர் அமர்ந்தார். 1958இல் பத்ம பூஷண் விருது அவரை அடைந்தது.

1959ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், குடியரசு நாளுக்கு முந்தைய நாளில், ஆளுநர் விஷ்ணுராம் மேதி மெரினாவில் உழைப்பாளர் சிலையைத் திறந்துவைத்தார். 1923இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய கடற்கரை அது. நால்வரும் ஒருவர்போல் ஒருவர் நிற்கவில்லை. ஒருவர் தோள்கொடுக்க, ஒருவர் நெம்ப, ஒவ்வொருவர் முதுகும் ஒவ்வொரு விதமாக வளைகிறது; விசை மட்டும் ஒன்று. கலைக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் அவ்வுருவங்களுக்கு மாதிரியாக நின்றனர் என்பர். சிற்பத்துக்கு வெற்றி எனப் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் பாறை இன்னும் நகர்ந்துவிடவில்லை. நகரும் தறுவாயிலேயே நிற்கிறது. முடிந்த வெற்றியைக் காட்டாமல் முடியாத முயற்சியைக் காட்டியது சிற்பியின் நேர்மை.

இந்நிகழ்ச்சிக்குள் நிலவுடைமைப் பட்டங்கள் சட்டத்தளவில் பொருளிழந்துவிட்டன. சென்னை மாகாணத்தில் 1948இலும், அவர் பிறந்த கிழக்கு வங்கத்தில் 1950இலும், மேற்கு வங்கத்தில் 1953இலும் ஜமீன் ஒழிப்புக்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. சௌத்ரி என்னும் சொல் சுட்டிய பொருள் மறைந்தது; சொல் மட்டும் எஞ்சியது. நான்கினைத் தாங்குபவன் எனப் பொருள் கூறப்பட்ட அச்சொல்லைச் சென்னையில் இன்று நினைவூட்டுவன நான்கு உழைப்பாளரின் உருவங்களே.

அதே 1959இல் மெரினாவில் அவர் வடித்த காந்தியடிகள் சிலையைப் பண்டித நேரு திறந்துவைத்தார். கோலூன்றி முன்னோக்கி நடக்கும் அவ்வடிவத்தின் விரிவாகவே தில்லியில் உள்ள தண்டி யாத்திரைச் சிற்பத்தைக் கொள்ளலாம். அடிகளின் பின் பத்துப்பேர் தொடரும் அப்பெரும்படைப்பு நிறைவுபெற்று நிறுவப்படுவதற்குள் சிற்பி 1975ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இயற்கை எய்தினார். அச்சிற்பத்தை மக்கள் கியாரா மூர்த்தி, அதாவது பதினொரு சிலை என்று எண்ணிக்கையால் வழங்குகின்றனர். 2016இல் திரும்பப் பெறப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்ததும் அக்காட்சியே. கோடிக்கணக்கான கைகளில் புழங்கிய அப்படத்தில் அவர் பெயர் இருந்ததில்லை.

நிறைவு

ராய் சௌத்ரி என்பது இன்றும் வங்கத்தில் எண்ணற்ற குடும்பங்களின் பெயர். அங்கே அப்பெயரைக் கேட்பவர், எந்த ஊர் ராய் சௌத்ரி, எந்தக் கிளை என்று வினவுவர். தமிழகத்தில் அவ்வினா எழுவதில்லை. இங்கு அப்பெயருக்கு ஊரில்லை, ஜமீன் இல்லை, குலம் இல்லை; கடற்கரையில் பாறையை நெம்பும் நால்வரே அதன் பொருள். சாதிப் பட்டங்களை வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு மொழி, அயல்நாட்டுப் பட்டமொன்றை அதன் பழம்பொருள் அறியாமலே ஏற்று, அதற்கு உழைப்பின் பெயரென்னும் தகுதியை வழங்கியது.

எனினும் ஒரு கடன் எஞ்சியுள்ளது. தில்லைக் கோபுரத்துத் திருமருங்கனையும் விசுவமுத்துவையும் சொந்தப் பெயரால் நினைவில் வைத்த நாடு இது. அம்முறைப்படி மெரினாச் சிற்பியையும் பட்டத்தால் மட்டுமன்றி, பெற்றோர் அழைத்த பெயரையும் சேர்த்து, தேவி பிரசாத் ராய் சௌத்ரி என முழுமையாகச் சொல்லுதலே அவருக்குத் தமிழர் செலுத்தத்தக்க நன்றியாகும்.